விலகிய செய்தியாளரின் ஆண்டுகள் எந்தக் கணக்கில் சேரும்?

தமிழ்நாடு அரசின் மாண்புமிகு செய்தித் துறை அமைச்சர் அவர்களுக்குத் திறந்த மடல்



செய்தித் தொழிலை விட்டு விலகி, மாதச் சம்பளம் உறுதியாகக் கிடைக்கும் வேறொரு வேலையைத் தேடிக்கொள்ளும் வட்டார நிருபர்களின் நிலையை, குறிப்பாகக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் வல்லக்கோட்டையைச் சுற்றியுள்ள தொழில் வட்டாரத்தில் அவர்கள் விட்டுச் செல்லும் வெற்றிடத்தை, தங்கள் துறையின் கவனத்திற்குக் கொண்டுவரவே இம்மடல் எழுதப்படுகிறது. அவர்கள் செய்தித் தொழிலில் உழைத்த ஆண்டுகள் வீணாகாமல் அரசின் கணக்கில் ஏற வேண்டும் என்பதே இதன் கோரிக்கை.

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை முருகன் கோயிலால் மட்டுமே வெளியூரார் அறிந்திருந்த வல்லக்கோட்டை, இன்று நாட்டின் பெரிய உற்பத்தி வட்டாரங்களுள் ஒன்றின் நடுவே இருக்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் கார் ஆலையோடு தொடங்கிய தொழில் உற்பத்தி, 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான், 2012இல் டைம்லர், 2015இல் வல்லம் வடகாலில் யமஹா என்று விரிந்து, 2024 ஆகஸ்டில் அதே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி திறக்கப்படும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. நிலம் கையகப்படுத்தல், ஏரிகளின் நிலை, ஒப்பந்தத் தொழிலாளரின் கூலி, வேலைநிறுத்தம், சாலை விபத்து, ஊராட்சி நிதி என்று ஒரு மாநகரத்திற்கு உரிய செய்திகள் அனைத்தும் இங்கே அன்றாடம் நிகழ்கின்றன. அவற்றை முதலில் எழுதவேண்டியவரோ பெரும்பாலும் பகுதிநேர நிருபர். அதாவது நாளிதழுக்கோ தொலைக்காட்சிக்கோ தம் வட்டத்திலிருந்து செய்தி அனுப்பி, மாதச் சம்பளம் இன்றி, வெளியான செய்திக்கு இவ்வளவு என்ற சிறு தொகையையோ, பிடித்துத் தரும் விளம்பரத்தில் கிடைக்கும் கமிஷனையோ நம்பி வாழ்பவர்.

இந்தக் கமிஷன் முறையைச் சற்று நின்று கவனிப்பது தகும். ஆடிக் கிருத்திகைச் சிறப்பிதழுக்கும் தலைவர்களின் பிறந்தநாள் வாழ்த்துக்கும் விளம்பரம் கேட்டு நிருபர் எந்த ஒப்பந்ததாரரிடமும் மனை வணிகரிடமும் ஊராட்சிப் பிரமுகரிடமும் செல்கிறாரோ, அவர்களைப் பற்றியே மறுநாள் அவர் கேள்வி எழுப்பவேண்டியிருக்கிறது. ஒருவரின் நேர்மையை இவ்வளவு கடுமையாக நாள்தோறும் சோதிக்கும் ஊதிய முறை வேறு தொழில்களில் அரிது. அதைத் தாங்கிக்கொண்டு பத்தாண்டு எழுதியவர் விலகும்போது அதை ஆர்வக் குறைவு என்று சொல்வது பெரும் அநீதி.

விலகுபவர்கள் செல்லுமிடம் பெரும்பாலும் அருகிலேயே இருக்கிறது. தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவு, மக்கள் தொடர்புப் பிரிவு, நிறுவன சமூகப் பொறுப்புப் பிரிவு ஆகியவை அவர்களை விரும்பி ஏற்கின்றன. கடைசியாகக் கூறியது, 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனம் தன் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடுவதைக் கவனிக்கும் பிரிவாகும். எந்த ஊரில் எந்தப் பள்ளிக்குக் கூரை இல்லை, தாசில்தார் அலுவலகத்தில் எந்தக் கோப்பு எங்கே நிற்கும் என்று அறிந்தவரின் மதிப்பை நிறுவனங்கள் உணர்ந்திருக்கின்றன. அங்கே அவருக்குச் சம்பளச் சீட்டும், மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை இருந்தால் குடும்பத்திற்கே மருத்துவம் தரும் இ.எஸ்.ஐ. காப்பீடும், வருங்கால வைப்பு நிதியும் கிடைக்கின்றன. அந்த நிலைத்தன்மைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை 2014இல் மூடப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையும் 2022இல் உற்பத்தியை நிறுத்திய மறைமலை நகர் ஃபோர்டு ஆலையும் காட்டியுள்ளன. ஆயினும் நியமன ஆணையே கையில் இல்லாத ஒருவருக்கு அது பெரிய முன்னேற்றமே.

செய்தியாளரின் விலகலை அரசு இதற்கு முன் எப்படிப் பார்த்தது என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. 1943இல் தினமணி ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் நிர்வாகத்துடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் விலகியபோது புதுமைப்பித்தன் உள்ளிட்ட பலர் அவருடன் வெளியேறினர். பின்னர் புதுமைப்பித்தன் திரைத்துறையில் பிழைப்புத் தேடி, ராஜமுக்தி படத்திற்காகப் புனே சென்று, காசநோயுடன் திரும்பி 1948இல் மறைந்தார். அத்தகைய விலகலுக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லாத காலம் அது. விடுதலைக்குப் பின் 1952இல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் அமைந்த முதல் பத்திரிகை ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து, 1955ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. அதில் இருந்த ஒரு விதி, மூன்றாண்டு பணிபுரிந்தவர் தாமாக விலகினாலும் பணிக்கொடை, அதாவது பணிக்காலத்திற்கு ஏற்ப விடைபெறும்போது வழங்கப்படும் மொத்தத் தொகை, உண்டு என்றது. 1958இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 1962இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பத்தாண்டு பணிக்குப் பின் எக்காரணத்தால் விலகினாலும், மனச்சான்றின் காரணமாக என்றால் மூன்றாண்டு பணிக்குப் பின்னே விலகினாலும், பணிக்கொடை உண்டு என்று வகுத்தது. செய்தியாளர் விலகுவதற்கு மதிக்கத்தக்க காரணங்கள் இருக்கக்கூடும் என்பதை ஒரு நாட்டின் சட்டம் எழுத்தில் ஏற்றுக்கொண்டது பெருமைக்குரிய செயல்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அந்தச் சட்டம் இப்போது அடங்கிவிட்டது. மற்றவர்கள் பணிக்கொடை பெறப் பொதுவாக ஐந்தாண்டு பணி தேவை என்ற இடத்தில் உழைக்கும் பத்திரிகையாளருக்கு மூன்றாண்டு போதும் என்பதும், மின்னணு ஊடகத்தினரும் இணைய ஊடகத்தினரும் வரையறைக்குள் வந்ததும் வரவேற்கத்தக்கவை. ஆனால் அவ்வரையறை, பகுதிநேரப் பணியாளரை ஏற்றுக்கொண்டாலும், செய்தித் தொழிலே அவருடைய முதன்மைத் தொழிலாக இருக்கவேண்டும் என்கிறது. செய்தியால் கிடைப்பது குடும்பத்திற்குப் போதாமல் மாலையில் கடையோ காப்பீட்டு முகவர் வேலையோ பார்க்கும் நிருபர், அந்த வறுமையின் காரணமாகவே வரையறைக்கு வெளியே தள்ளப்படக்கூடும்.

மாநில அரசின் பத்திரிகையாளர் ஓய்வூதியத் திட்டத்திலும் இதே இடைவெளி இருக்கிறது. 10,000 ரூபாயிலிருந்து 12,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட அந்த மாத ஓய்வூதியம் உண்மையான உதவி. பல முதிய செய்தியாளர்கள் அதைக் கொண்டே வாழ்கின்றனர். ஆயினும் 20 ஆண்டுப் பத்திரிகைப் பணி என்ற நிபந்தனையால், 12 ஆண்டு எழுதிவிட்டு ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அந்தப் 12 ஆண்டுகளால் எப்பயனும் இல்லை. மத்திய அரசின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் வேறு வழியில் செல்கிறது. அதில் பத்தாண்டு பங்களிப்பு போதும். பல நிறுவனங்களில் பணிபுரிந்த காலம் ஒன்றாகக் கூட்டப்படுகிறது. சராசரி ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்து ஓய்வூதியம் கணக்கிடப்படுவதால், குறைந்த காலம் உழைத்தவருக்கும் அதற்கேற்ற பங்கு கிடைக்கிறது. மாநிலத் திட்டமும் பத்தாண்டு பணியை அடிப்படைத் தகுதியாக்கி, 20 ஆண்டுக்குக் குறைந்தவருக்கு விகிதப்படி வழங்கினால், 12 ஆண்டு எழுதியவருக்கு 58 வயதில் மாதம் 7,200 ரூபாய் சேரும்.

இதற்கு அரசின் நிதியை ஏன் செலவிடவேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. அதற்கான விடையை ஒரு நிகழ்வே காட்டும். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் கெட்டுப்போன உணவால் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெரும் மறியல் நடந்தது. அத்தகைய இரவில் விடுதிக்கும் மருத்துவமனைக்கும் நேரில் சென்று, இரு பக்கத்தாரும் நம்பும்படி உண்மையை எழுதக்கூடியவர், அவ்வட்டாரத்தில் பல ஆண்டு புழங்கிய நிருபர் ஒருவரே. அவர் விலகியபின் அவருடைய இடத்திற்கு வரும் இளைஞர், முன்னவர் வெறுங்கையோடு போனதைப் பார்த்துக்கொண்டேதான் வருகிறார். இரண்டொரு ஆண்டில் அவரும் கிளம்பிவிட்டால் வட்டாரத்தைப் பற்றிய அறிவு எவரிடமும் சேர்வதில்லை.

தங்கள் துறையிடம் இதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது. அரசு விளம்பரங்களை வழங்குவது தங்கள் துறையே. அவ்விளம்பரத்தைப் பெறும் ஒவ்வொரு நாளிதழும் தொலைக்காட்சியும் வட்டவாரியாகத் தன் நிருபர்களின் பெயர், பணியில் சேர்ந்த நாள், வழங்கும் ஊதியம், வைப்பு நிதி விவரம் ஆகியவற்றை ஆண்டுக்கொரு முறை துறையிடம் பதிவு செய்யவேண்டும் என்று ஆணையிட்டால், நியமன ஆணை இல்லாதவருக்கும் பணிச்சான்று உண்டாகும். இதனைக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் வட்டங்களில் தொடங்கலாம். ஏற்கெனவே விலகிச் சென்றவர்களைப் பொறுத்தவரை, அவர்கள் பெயரில் வெளியான பழைய செய்திகளின் நகல், நிறுவனம் வழங்கிய அடையாள அட்டை, மாவட்ட செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் உள்ள பதிவுகள் ஆகியவற்றைச் சான்றாக ஏற்று, விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் அளிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.