நிலையின்மையைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்

நமது மாணவர் ஆங்கிலக் கட்டுரைகளில் 'அன்ஸ்டேபிள்' என்னும் பெயரடையைப் பிரயோகிக்கும் வகை நமக்குச் சிறிதும் திருப்தி அளிப்பதாயில்லை. 'நிலையற்ற' என்று தமிழில் எண்ணிய இடமெல்லாம் அவ்வொரு சொல்லையே இட்டு நிரப்பி விடுகின்றனர். நாற்காலியும் அன்ஸ்டேபிள், மீன் விலையும் அன்ஸ்டேபிள், குடும்ப நிலைமையும் அன்ஸ்டேபிள்! இஃது தமிழருக்கு மட்டும் உரிய இடரன்று. சீன மொழியாளருக்கும் 'பூ வென்டிங்' என்று பலவற்றுக்கும் பொதுவான சொல் ஒன்று உண்டு; ஆங்கிலம் பயிலுங்கால் அவர்க்கும் இதே மயக்கம் நேர்தல் இயல்பே.

நாற்காலியளவில் பெருங்கேடு ஒன்றுமில்லை. ஆடும் நாற்காலியை 'ரிக்கெட்டி' என்றும், ஏறியிறங்கும் விலையை 'வாலடைல்' என்றும் சொல்லப் பழகுதல் நன்று. பின்னது பறத்தலைக் குறிக்கும் லத்தீன் வேரினின்றும் பிறந்தது. திறந்து வைத்த பெட்ரோல் ஆவியாய்ப் போவதைக் கண்டவர் அச்சொல்லை மறவார்.

மனிதரைப் பற்றி எழுதும்போதுதான் தீங்கு நேர்கிறது. எண்ணூரில், கொசஸ்தலையாறு கடலோடு கூடும் முகத்துவாரத்தின் அருகே நெட்டுக்குப்பம் என்னும் மீனவர் ஊர் உளது. அவ்வூர் மாணவர் ஒருவர் உபகாரச் சம்பளம் வேண்டி விண்ணப்பம் எழுதுகிறார் என்று கொள்வோம். தந்தையின் வருவாய் நிலையாயில்லை என்பதே அவர் கருத்து. 'மை ஃபாதர் இஸ் அன்ஸ்டேபிள்' என்று எழுதிவிட்டால், படிக்கும் அதிகாரி அத்தகப்பனாருக்குச் சித்தம் சரியில்லை என்றன்றோ கொள்வார்!

சரி, 'இன்கம்' என்னும் சொல்லைச் சேர்த்து, அதனை அன்ஸ்டேபிள் என்று திருத்திவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். இலக்கணப்படி பிழையில்லை, பரீட்சகரும் மதிப்பெண் கொடுப்பார். ஆயினும் நமது அபிப்பிராயத்தில் அங்கே இருக்கவேண்டிய சொல் 'பிரிக்கேரியஸ்' என்பதே. இரந்து வேண்டுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லினின்றும் அது வந்தது. பிறர் தயவு உள்ளவரை மட்டும் ஒருவன் கையில் இருப்பது, அத்தயவு நீங்கினால் தானும் நீங்குவது என்பதே அதன் பழம்பொருள். 1755-இல் அகராதி வெளியிட்ட ஸாமுவேல் ஜான்ஸன், இச்சொல்லை உறுதியற்றது எதற்கும் வழங்குவதைக் கடிந்து, பிறரைச் சார்ந்திருப்பதால் உண்டாகும் உறுதியின்மை ஒன்றே அதன் பொருள் என்று வாதித்தார். உலக வழக்கு அவர் சொற்கேட்கவில்லை. இந்நாளில் மலைவிளிம்பில் நிற்கும் பாறையும் பிரிக்கேரியஸ்தான். அதனை நாம் மறுக்கவில்லை.

ஆனால் நெட்டுக்குப்பத்தைப் பற்றி எழுதும்போது ஜான்ஸன் பக்கம் நிற்பதே நியாயம். அலையும் காற்றும் எவர் தயவையும் சார்ந்தனவல்ல; அவற்றின் நிலையின்மையை மீனவர் தலைமுறை தலைமுறையாய் அறிவர். 2017 ஜனவரி 28-ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் படர்ந்ததும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் கழிமுகத்துள் புகுந்து படகையும் வலையையும் கறுப்பாக்கியதும், அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்ததும் காற்றின் செயலோ? இவற்றால் இழந்த பிழைப்பை 'அன்ஸ்டேபிள்' என்று மட்டும் எழுதினால், தானே ஆடித் தானே விழுந்தது போலாகும். ஆட்டியவர் ஒருவர் உண்டென்பது அச்சொல்லுள் இல்லை. நஷ்டஈடு கோரும் மனுவில் இது சிறிய வேற்றுமையன்று.

இச்சொல்லை ஆளுங்கால் ஒன்று கவனிக்க. மனிதரைப் பிரிக்கேரியஸ் என்று சொல்லுதல் வழக்கன்று. பிழைப்பையும், நிலைமையையும், உரிமையையுமே அவ்வாறு சொல்வர். ஆகவே அம்மாணவர், 'மை ஃபாதர்ஸ் லிவிங் இஸ் பிரிக்கேரியஸ்' என்று எழுதுக. அப்பிழைப்பு எவரெவர் கையில் உளதென்பதையும் அடுத்த வாக்கியத்திலேயே பெயர் சுட்டி எழுதுக. அதற்கு 'டிபெண்ட்ஸ் ஆன்' என்னும் எளிய தொடரே போதும்.