மில் மூடியாச்சு... நிலம் யாருக்கு?

குட்டீஸ்... உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் பழைய மில் ஏதாவது இருக்கிறதா? வானைத் தொடும் புகைபோக்கி, துருப்பிடித்த கேட், சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்த அரசமரம்... "அந்தப் பக்கம் போகாதே, பாம்பு இருக்கும்!" என்று பாட்டி சொல்லியிருப்பார்.

திடீரென்று ஒருநாள் அந்த மில்லைச் சுற்றி தகரத் தடுப்பு வைப்பார்கள். அதன் மேல் வண்ண வண்ணமாய் ஒரு பெரிய விளம்பரப் பலகை. "வீடுகள், அலுவலகங்கள், கடைகள், தியேட்டர்... எல்லாம் ஒரே இடத்தில்!" என்று எழுதியிருக்கும். படத்தில் ஒரு குழந்தை பலூன் வைத்துக்கொண்டு ஓடும்.

அந்தப் பலகையைப் பார்த்ததும் நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "படத்தில் ஓடுகிற குழந்தை யார்? மில்லுக்கு எதிர்த் தெருவில் இருக்கிற நாங்களும் அங்கே ஓடலாமா?"

பழைய மில் நிலத்தைப் புதிய குடியிருப்பும் கடைத்தெருவுமாக மாற்றுவது நல்ல காரியம்தான். ஆனால், அந்த நிலத்தில் ஊருக்கு ஒரு பங்கு வேண்டும். அந்தப் பங்கை முதல் செங்கல் வைக்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். இதுதான் நாம் சொல்ல வருவது. ஏன் என்று பார்ப்போமா?

எல்லாம் கலந்திருந்தால் என்ன லாபம்?

அலுவலகங்கள் மட்டும் இருக்கிற இடத்தை ராத்திரி 9 மணிக்குப் போய்ப் பாருங்கள். ஆள் நடமாட்டமே இருக்காது. நடக்கவே பயமாக இருக்கும். வீடுகள் மட்டும் இருக்கிற இடமோ, பகலில் வெறிச்சோடிக் கிடக்கும். ஒரு பென்சில் வாங்கக்கூட வண்டியில்தான் போக வேண்டும்.

வீடு, வேலை, கடை, பள்ளிக்கூடம், பூங்கா எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்? அப்பா வேலைக்கு நடந்தே போகலாம். நீங்கள் பள்ளிக்கு நடந்தே போகலாம். தெருவில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். பெட்ரோலும் மிச்சம், புகையும் குறைவு.

இதற்குப் பழைய மில் நிலம் ரொம்பப் பொருத்தம். அந்தக் காலத்தில் பஞ்சும் நிலக்கரியும் ரயிலில்தான் வந்தன. அதனால், பல ஆலைகளை ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே கட்டினர். அப்போது ஊருக்கு வெளியே இருந்த அந்த இடம், ஊர் வளர வளர நடு ஊராகி விட்டது. அதனால்தான் இன்று அதற்கு இவ்வளவு விலை, இவ்வளவு போட்டி!

மும்பையில் நடந்தது என்ன?

மும்பையில் முதல் நூற்பாலைக்கு 1854ம் ஆண்டு அடித்தளம் போடப்பட்டது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழும்பின. பரேல், லால்பாக் பகுதிக்கு, "கிரண்காவ்" என்றே பெயர் வந்துவிட்டது. மராத்தியில், "ஆலைகளின் கிராமம்" என்று அர்த்தம். சங்கு ஊதினால் போதும், தெருவெல்லாம் தொழிலாளர்கள்தான். ஒரே அறை கொண்ட, "சால்" வீடுகளில் பலர் சேர்ந்து தங்குவர். ஷிப்டு மாறி மாறித் தூங்குவர். அவர்களுக்குச் சமைத்துப் போட்டே பல பெண்கள் குடும்பம் நடத்தினர்.

1982ம் ஆண்டு ஜனவரி 18ம் தேதி, டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் பெரிய வேலைநிறுத்தம் துவங்கியது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் கலந்துகொண்டனர். ஆலைகள் ஏற்கனவே பழைய இயந்திரங்களோடு திணறிக் கொண்டிருந்தன. வேறு ஊர்களில் விசைத்தறிகள் மலிவாகத் துணி நெய்தன. வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பல ஆலைகள் மறுபடி திறக்கவே இல்லை.

மிச்சம் இருந்தது நிலம். நகரின் நடுவில் சுமார் 600 ஏக்கர்!

1991ம் ஆண்டு அரசு ஒரு விதி போட்டது. ஆலை நிலத்தில் வேறு கட்டடம் கட்ட வேண்டுமானால், நிலத்தை ஏறக்குறைய மூன்று பங்காக்க வேண்டும். ஒரு பங்கு பூங்கா, மைதானத்துக்கு. ஒரு பங்கு ஏழை, எளியவர்களுக்கு வீடு கட்ட. ஒரு பங்கு உரிமையாளருக்கு. பர்பியை மூன்றாக வெட்டுவது மாதிரி, நியாயமான கணக்குதான். ஆனால், உரிமையாளர்கள் பலர் முன்வரவில்லை. நிலம் சும்மா கிடந்தது. தொழிலாளர்களின் பாக்கிப் பணமும் கிடைக்கவில்லை.

1996ம் ஆண்டு புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு ஒரு யோசனை சொன்னது. ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனியாகத் திட்டம் போடாதீர்கள். எல்லா நிலத்தையும் சேர்த்து வைத்து ஒரே திட்டமாகப் போடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அது நடக்கவில்லை.

2001ம் ஆண்டு விதி மாறியது. "கட்டடம் இல்லாமல் காலியாக இருக்கிற நிலத்தை மட்டும் பங்கு போட்டால் போதும்" என்று ஆயிற்று. ஒரே ஒரு வார்த்தை மாற்றம் மாதிரி தெரிகிறதா? ஒரு கணக்குப் போடுங்கள். 10 ஏக்கர் ஆலை ஒன்று. அதில் 8 ஏக்கரில் கட்டடம். 2 ஏக்கர் காலி. பழைய விதிப்படி பூங்காவுக்கு மூன்று ஏக்கருக்கு மேல் கிடைக்கும். புது விதிப்படி? முக்கால் ஏக்கர்கூடத் தேறாது! வழக்குப் போட்டார்கள். 2005ம் ஆண்டு மும்பை ஐகோர்ட், ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2006ம் ஆண்டு மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றி, 2001ம் ஆண்டு விதி செல்லும் என்று சொல்லி விட்டது.

இப்போது அங்கே கண்ணாடிக் கட்டடங்கள், மால்கள், மாடி மேல் மாடியாக வீடுகள். பழைய தொழிலாளர்களுக்கு வீடு? 2012ம் ஆண்டு குலுக்கல் நடத்தி 6,925 பேரைத் தேர்ந்தெடுத்தனர். விண்ணப்பம் போட்டவர்களோ ஒரு லட்சத்துக்கும் மேல்!

இன்னொரு கொடுமையும் நடந்தது. ஆலைகள் இருந்த இடத்தில் அலுவலகங்கள் வந்தன; ஆயிரக்கணக்கானோர் தினமும் ரயிலில் வந்து இறங்கினர். ஆனால், ரயில் நிலையத்தின் நடைமேம்பாலம் பழைய குறுகலான பாலம்தான். 2017ம் ஆண்டு செப்டம்பர் 29ம் தேதி காலை, மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டத்தில், எல்பின்ஸ்டன் ரோடு நிலையப் பாலத்தில் நெரிசல் ஏற்பட்டது. 23 பேர் இறந்தனர். கட்டடம் கட்டினால் மட்டும் போதாது, குட்டீஸ்... அங்கே வருகிற மனிதர்கள் நடக்கப் பாதையும் வேண்டும். அதையும் முன்கூட்டியே யாராவது நினைக்க வேண்டும்.

லண்டனில் வேறு மாதிரி!

லண்டன் நகரில் கிங்ஸ் கிராஸ் என்று ஒரு ரயில் நிலையம். அதன் பின்னால் 67 ஏக்கர் நிலம். 19ம் நூற்றாண்டில் லண்டனுக்கு வேண்டிய நிலக்கரியும் கோதுமையும் அங்கேதான் ரயிலில் வந்து இறங்கின. தெருவிளக்குக்கு எரிவாயு சேமிக்கும் மிகப் பெரிய இரும்புத் தொட்டிகளும் அங்கே இருந்தன. லாரிப் போக்குவரத்து வந்தது, நிலக்கரி போனது. அந்த இடம் பாழடைந்தது.

2006ம் ஆண்டு அந்த இடத்தை மாற்ற அனுமதி கிடைத்தது. இடிப்பதற்குப் பதிலாக அவர்கள் பழையவற்றில் பலவற்றைக் காப்பாற்றினர். 1852ம் ஆண்டு கட்டிய தானியக் கிடங்குக்கு, 2011ம் ஆண்டு கலைக் கல்லூரி குடிவந்தது. அதற்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் 1,080 நீரூற்றுகள். வெயில் காலத்தில் குழந்தைகள் அதில் நனைந்து ஆட்டம் போடுவர். கட்டணம் கிடையாது! எரிவாயுத் தொட்டிகளின் இரும்புச் சட்டங்களைக் கழற்றி, வெளியூருக்கு அனுப்பிப் பழுது பார்த்து, மறுபடி கொண்டு வந்து நிறுத்தினர். ஒன்றுக்குள் பூங்கா; மற்ற மூன்றுக்குள் வீடுகள்.

2015ம் ஆண்டு அங்கே துவக்கப்பள்ளி ஒன்று வந்தது. காது கேளாத குழந்தைகளின் பள்ளியும் அதே கட்டடத்தில்தான்! விளையாட ஆசைப்பட்டால் பேச வேண்டுமே... காது கேட்கும் குழந்தைகளும் சைகை மொழி கற்கிறார்கள்.

கட்டட வேலை நடந்தபோது, இடிபாடுகளை அள்ளும் இரும்புத் தொட்டிகளில் மண் நிரப்பி, மாணவர்கள் காய்கறித் தோட்டம் போட்டனர். அந்த இடத்தில் கட்டடம் எழும்பும்போது தொட்டியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்து விடுவார்கள். நகரும் தோட்டம்!

பக்கத்திலேயே கால்வாய் ஓரம், கேம்லி தெருவில் ஒரு பழைய நிலக்கரிக் கிடங்கு நிலம் இருந்தது. அங்கே பஸ்களை நிறுத்தத் திட்டம் இருந்தது. அக்கம்பக்கத்தினர் விடவில்லை. போராடினர். 1985ம் ஆண்டு அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நிலக்கரி கொட்டிய இடத்தில் இப்போது குளம், தவளை, தும்பி!

அப்படியானால் லண்டனில் எல்லாம் சரியா? இல்லை. அங்கே வீட்டு விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. குறைந்த வாடகை வீடுகள் முதலில் சொன்னதைவிடக் குறைந்து போயின. அந்தச் சதுக்கமும் தெருக்களும் பார்க்க ஊருக்குச் சொந்தம் போலத் தெரிந்தாலும் தனியாருக்குச் சொந்தம். வருவோர் போவோரின் முகத்தை அடையாளம் காணும் கேமராக்களை அங்கே வைத்திருந்த விஷயம் 2019ம் ஆண்டு வெளியே வந்து, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. "எல்லாரும் வரலாம்" என்பது வேறு. "எல்லாருக்கும் சொந்தம்" என்பது வேறு என்று அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

"அவர் நிலம்... அவர் இஷ்டம்!"

உங்களில் ஒரு சுட்டி, "உரிமையாளர் காசு போட்டு வாங்கிய நிலம். ஊருக்கு எதற்குப் பங்கு?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி!

ஆலை நடத்த அனுமதி வாங்கிய நிலத்தில், நினைத்தபடி மாடி வீடு கட்ட முடியாது. "இங்கே வீடு கட்டலாம், மால் கட்டலாம், இத்தனை மாடி கட்டலாம்" என்று அரசு அனுமதி தர வேண்டும். அந்த ஒரு கையெழுத்தில் நிலத்தின் விலை பல மடங்கு ஏறும். அந்த ஏற்றம் உரிமையாளர் உழைத்துச் சம்பாதித்தது அல்ல. சுற்றிலும் ரயில் விட்டது, சாலை போட்டது, குடிநீர் கொடுத்தது, அந்த இடத்தை ஊராக்கியது மக்கள். அதனால், ஏறிய விலையில் ஒரு பகுதியை ஊருக்குக் கேட்பது பிச்சை அல்ல; நியாயம்.

அதே நேரம், பேராசைப்பட்டு எல்லாவற்றையும் கேட்டால், யாரும் முன்வராமல் நிலம் பாம்புக்கும் புதருக்கும்தான் பயன்படும். மும்பையில் 1991க்குப் பிறகு அதுவும் நடந்ததே! ஆகவே, கொடுக்கக் கூடியதைக் கேட்க வேண்டும். கேட்டதைப் பாதியில் மாற்றக் கூடாது.

எதைக் கேட்பது?

* முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். பல ஆலை மண்ணில் எண்ணெய், சாயம், ரசாயனம் ஊறியிருக்கும். சுத்தம் செய்யாமல் விளையாட விடக் கூடாது.

* டிக்கெட் இல்லாத மைதானம் ஒன்று வேண்டும். அது மாநகராட்சி பெயரில், பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும்.

* அங்கே வேலை பார்த்தவர்களின் குடும்பங்களுக்கும், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் அதே இடத்தில் வீடுகள் வேண்டும். கடைசியில் அல்ல, மற்ற வீடுகளோடு சேர்த்தே கட்ட வேண்டும்.

* நடைபாதை, பாலம், பஸ், தண்ணீர், கழிவுநீர் வசதி... ஆட்கள் வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

* புகைபோக்கியோ, நெசவுக் கூடமோ ஏதாவது ஒன்றையாவது இடிக்காமல் பயன்படுத்த வேண்டும். நூலகமாக்கலாம், தொழில் கற்றுத் தரும் கூடமாக்கலாம்.

கடைசி விஷயம் வெறும் அழகுக்காக அல்ல. சென்னை பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. "பின்னி மில்" என்றால் தாத்தாக்களுக்குத் தெரியும். அந்தத் தொழிலாளர்களின் சிரமங்களில் இருந்துதான் 1918ம் ஆண்டு, சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். வேலை நேரத்துக்கு ஓர் அளவு வேண்டும் என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்காக மனிதர்கள் கூடி நின்ற மண் அது. ஆலை போய் விட்டது. அங்கே நடந்ததைச் சொல்ல ஒரு சுவராவது நின்றால்தானே நாளை பிறக்கும் தம்பி, தங்கைக்குத் தெரியும்?

நீங்கள் செய்ய ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் மில் இருந்தால், அங்கே வேலை பார்த்த தாத்தா, பாட்டி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். சங்கு எத்தனை மணிக்கு ஊதும், உள்ளே எந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டு, ஒரு வரைபடம் போட்டு வையுங்கள். ஆனால், தனியாக உள்ளே மட்டும் போய் விடாதீர்கள்!

பிறகு, உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். "இந்த நிலத்துக்கு என்ன திட்டம்? அதில் மைதானம் எங்கே?" என்று இரண்டே கேள்வி போதும். அந்த மைதானத்தில் விளையாடப் போவது நீங்கள்தான். அதனால், கேள்வியையும் நீங்களே கேளுங்கள்.