மெய்ப்பாடும் திரைப்படமும்

தமிழ் கற்ற ஒருவர் திரைப்படத்தை விரும்பலாமா என வினவுவோர் உளர். விரும்பலாம் என்பதே என் விடை. இயல், இசை, நாடகம் ஆகிய மூன்றும் இன்று ஒருங்கே கூடுமிடம் திரைப்படமே அன்றோ? சிறுவயதில் கீற்றுக்கொட்டகையில் மணலைக் குவித்து அமர்ந்து கண்ட நாள் தொட்டு வளர்ந்த அவ்விருப்பம், அறுபது ஆண்டைக் கடந்தும் எனக்குக் குறைந்திலது.

மெய்ப்பாடுகள் எட்டு எனத் தொல்காப்பியம் வகுக்கும். அவற்றுள் ஒன்றையே துய்த்து ஏனைய ஏழையும் ஒதுக்குதல், அறுசுவை விருந்தில் ஒரு சுவையை மட்டும் உண்டு எழுவதை ஒக்கும். நகைக்கு 1964-இல் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ உண்டு. அழுகைக்கு 1961-இல் வந்த ‘பாசமலர்’ உண்டு. பெருமிதத்திற்கு 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ உண்டு. எஸ். எஸ். வாசன் 1948-இல் வெளியிட்ட ‘சந்திரலேகா’வின் முரசு நடனம் மருட்கை விளைப்பது. எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) பாடல் ஒன்றுமின்றியே காண்போர் கருத்தைக் கட்டி நிறுத்தும். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவி மகேந்திரன் படைத்த ‘உதிரிப்பூக்கள்’ (1979), சொல்லைச் சுருக்கி முகக்குறிப்பாலேயே துயரை உணர்த்தும். சத்தியஜித் ராய் 1955-இல் அளித்த ‘பதேர் பாஞ்சாலி’யைக் கண்டு கலங்குதற்கு வங்கமொழி அறிதல் வேண்டா.

திரைப்படத்துள் தீயனவும் உளவே எனின், உண்மை; நூல்களுள்ளும் தீயன உள. அதுபற்றி நூலகத்தை மூடுவாரில்லை. நல்லதைத் தெரிந்து கொள்ளுதல் அறிவுடையார் கடன்.

இனி, வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. தமிழின் முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931-இல் வெளிவந்தது, டி. பி. ராஜலட்சுமி அதில் நடித்தார். இன்று அதன் பிரதி ஒன்றேனும் கிடைத்திலது. நடராச முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ என்னும் ஊமைப்படமும் அவ்வாறே மறைந்தது. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது. நாளடைவில் தானே சிதைவது. அதிலுள்ள வெள்ளியை விரும்பி உருக்கினோரும் உளர். புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல் தோன்றுமுன்னரே பல படங்கள் அழிந்துபட்டன.

எங்கள் திருமழிசையில் அவதரித்த ஆழ்வார், தம் ஏடுகளைக் காவிரியில் விட, இரண்டு நூல்கள் மட்டும் வெள்ளத்தை எதிர்த்து மீண்டன என்பர். படச்சுருள் அங்ஙனம் மீளுமோ? உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் ஏடு தேடி 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்திலரேல், அக்காப்பியம் நம்மில் எத்துணைப் பேர்க்குக் கிட்டியிருக்கும்? ஏட்டுக்குச் செய்த அத்தொண்டு படத்திற்கும் வேண்டும். எஞ்சிய சுருள்களைத் தேடித் திரட்டுதலும், செப்பனிட்டுக் காத்தலும் அரசும் செல்வரும் ஏற்கவேண்டிய பணிகள்.

மாணவர்களே! நும் பாட்டனும் பாட்டியும் கண்டு மகிழ்ந்த படம் யாதெனக் கேளுங்கள். அவர்களுடன் அமர்ந்து அதனைக் காணுங்கள். பழையது என்று இகழாமலும் புதியது என்று மயங்காமலும் சுவையறிந்து போற்றுங்கள். காண்பார் உள்ள கலையே காக்கப்படும்.