பாம்புக்கு ஏன் மாதந்தோறும் பசி எடுப்பதில்லை?

சொல் பிழைபட்டால் எண்ணம் பிழைபடும். எண்ணம் பிழைபட்டால் வாழ்வும் பிழைபடும். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டா. 'கிரகணம்' என்னும் ஒரு சொல்லே போதும். அவ் வடசொல்லின் பொருள் பற்றுதல், பிடித்தல் என்பது. பிடிப்பது எது? பாம்பு. பிடிபடுவன எவை? ஞாயிறும் திங்களும். சொல்லை வாயில் வைத்த அளவிலேயே பொய்க்கதையும் உடன் உள்ளே போய்விடுகின்றது. 'மறைப்பு' என்னும் நம் சொல்லோ நடப்பதை நடந்தபடி உரைக்கின்றது. ஒன்று மற்றொன்றை மறைக்கின்றது, பின்னர் விலகுகின்றது, அவ்வளவே.

பாம்புக் கதையை நம்புவாரிடம் நாம் கேட்கும் வினா ஒன்றே. காருவா (அமாவாசை) மாதந்தோறும் வருகின்றது. அன்று ஞாயிறும் திங்களும் வானில் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. 'அமாவாசை' என்னும் வடசொல்லுக்கே 'உடனுறைதல்' என்றுதான் பொருள். வெள்ளுவாவும் (பௌர்ணமி) மாதந்தோறும் வருகின்றது. அன்று நிலவுலகுக்கு ஒருபுறம் ஞாயிறும் மறுபுறம் திங்களும் நிற்கின்றன. இரையும் இடமும் திங்கள்தோறும் அணியமாய் இருக்கப் பாம்பு மட்டும் வராதது ஏன்?

2019 திசம்பர் 26 காலை, கோவையிலும் திண்டுக்கல்லிலும் புதுக்கோட்டையிலும் ஞாயிறு நெருப்பு வளையமாய்த் தோன்றியது. வேலூரிலும் ஆம்பூரிலும் அதன் பெரும்பகுதி மறைந்தது. அடுத்து வந்தது 2020 சனவரி 24, தைக் காருவா. கடற்கரைகளிலும் ஆற்றங்கரைகளிலும் மக்கள் திரண்டு முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்றினர். ஞாயிற்றின் ஓரத்தில் ஒரு கீறலும் விழவில்லை. அதன்பின் மேலும் நான்கு காருவாக்கள் அவ்வாறே கழிந்தன. 178 நாள் சென்று, சூன் 21 அன்றே மீண்டும் ஞாயிறு மறைந்தது. அத்தனை நாளும் அப் பாம்பு உண்ணா நோன்பு இருந்ததோ?

இன்னும் கேளுங்கள். 2025ஆம் ஆண்டில் காருவா 12, வெள்ளுவா 12. ஆக 24 உவாக்கள். அவற்றுள் மறைப்பு நிகழ்ந்தவை நான்கே: மார்ச்சு 14, மார்ச்சு 29, செப்தம்பர் 7, செப்தம்பர் 21. அந் நான்கனுள்ளும் நம் மண்ணிலிருந்து காணக் கிடைத்தது செப்தம்பர் 7 இரவின் திங்கள் மறைப்பு ஒன்றே. எஞ்சிய 20 உவாக்களில் இராகுவும் கேதுவும் எங்கே உறங்கினர்? கதை சொல்வாரிடம் விடை இல்லை. விடை உள்ள இடம் வேறு.

இதனை வெறும் வானநூல் வேடிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பேரணாம்பட்டு முதல் வாணியம்பாடி வரை நம் பாலாற்றுப் பக்கத் தோல் தொழிற்கூடங்களிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைப்போருள் பெண்கள் எத்துணைப் பேர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர்களுள் சூலுற்றவள் ஒருத்தி இருப்பாள். மறைப்பு நாள் வந்ததென்றால் அவளை இருட்டறையில் அடைக்கின்றனர். சோறில்லை, நீரில்லை, கத்தியைத் தொடாதே, காயை நறுக்காதே, புரண்டு படுக்காதே என்று அச்சுறுத்துகின்றனர். நாள் முழுதும் பொறியின்முன் அமர்ந்து காலணி தைத்துக் களைத்த உடலுக்கு, உண்ண வேண்டிய வேளையில் பட்டினி! மீறினால் பிள்ளை உதடு பிளந்து பிறக்குமாம்.

கருவில் குழந்தையின் உதடு உருவாவது நான்காம் கிழமைக்கும் ஏழாம் கிழமைக்கும் இடையே என்கின்றது மருத்துவ நூல். தான் சூலுற்றிருப்பதையே பல பெண்கள் அறியாத காலம் அது. உதடு கூடி முடிந்து பல மாதம் ஆன பிறகு, ஏழாம் மாதத்துப் பெண்ணை அறையில் பூட்டி எதைக் காக்கின்றீர்கள்? பிளந்த உதட்டோடு ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், "அன்று நீ வெளியே வந்தாய்" என்று ஆயுள் முழுதும் அத் தாயின் தலையில் பழி சுமத்துவதற்குத்தான் இக் கதை உதவுகின்றது. பாம்பு ஞாயிற்றை விழுங்கவில்லை; நம் பெண்களின் மன அமைதியை விழுங்குகின்றது.

இனி உண்மையைக் காண்போம். இதற்குத் தொலைநோக்கி வேண்டா. காலணிக் கூடத்தில் வெட்டி எறிந்த தடித்த தோல் துண்டுகள் போதும். ஒரே அளவில் இரண்டு வட்டங்கள் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் விளிம்பிலிருந்து நடுப்புள்ளி வரை ஒரு கோடு கிழித்து, ஒன்றனுள் ஒன்றைச் செருகுங்கள். ஒரு வட்டத்தைக் கிடையாக வைத்து, மற்றதைச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். கிடைவட்டத்தின் விளிம்பு ஞாயிறு ஓராண்டில் செல்வதாக நமக்குத் தோன்றும் வழி. சாய்வட்டத்தின் விளிம்பு திங்கள் செல்லும் வழி. நடுப்புள்ளியில் நாம் நிற்கின்றோம். இரு விளிம்புகளும் எத்தனை இடத்தில் ஒன்றையொன்று வெட்டுகின்றன? நேரெதிரான இரண்டே இடத்தில். கரும்பில் கணு இருப்பதுபோல் இவ் வழிகளில் இருக்கும் அவ் விரண்டையும் கணுக்கள் என்போம். திங்கள் மேல்நோக்கிக் கடப்பது ஏறுகணு. கீழ்நோக்கிக் கடப்பது இறங்குகணு.

அச் சாய்வு ஏறத்தாழ 5 பாகை. சிறிதுதானே என்று எண்ணற்க. வானில் திங்களின் அகலமே அரைப் பாகை. ஆகலின் கணுவை விட்டு வெகுவாக விலகியிருக்கும்போது திங்கள் ஞாயிற்றுக்குப் பத்து நிலா அகலம் மேலாகவோ கீழாகவோ ஒதுங்கிப் போகின்றது. திங்கள் நம்மிடமிருந்து ஏறத்தாழ 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அத் தொலைவில் 5 பாகை என்பது 34,000 கிலோமீட்டர் ஏற்ற இறக்கம். வெள்ளுவா அன்று திங்கள் புக வேண்டிய நிலவுலக நிழலோ அவ்விடத்தில் ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் அகலமே உடையது. நிழலுக்கு மேலேயோ கீழேயோ திங்கள் தப்பிச் செல்வதில் வியப்பென்ன? காருவா அன்றும் அவ்வாறே. திங்களின் நிழல் நம் நிலவுலகைத் தொடாமல் வெட்டவெளியில் விழுந்து போகின்றது.

ஞாயிறு ஒரு கணுவை அணுகியிருக்கும் நாள்களில் காருவாவோ வெள்ளுவாவோ அமைந்தால்தான் மறைப்பு உண்டாகும். ஞாயிறு 173 நாளுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு கணுவை அடைகின்றது. அவ் வேளையில் ஏறத்தாழ 35 நாள் மறைப்பின் வாயில் திறந்திருக்கும், பிறகு அடைபடும். 2025இல் மார்ச்சில் இரண்டும் செப்தம்பரில் இரண்டுமாக மறைப்புகள் இணைந்து வந்த கரணியம் இதுவே. 2019 திசம்பருக்கும் 2020 சூனுக்கும் இடைப்பட்ட ஐந்து காருவாக்கள் வெறுமையாய்ப் போனதும் இதனாலேயே. இதில் பசி ஏது? பாம்பு ஏது?

இப்போது உங்களுக்கு ஒரு கமுக்கம் சொல்வேன். ஐந்திறம் (பஞ்சாங்கம்) கணிப்பார்க்கு இஃது எப்போதோ தெரியும்! அவர்தம் கணக்கில் இராகு என்பது ஏறுகணு. கேது என்பது இறங்குகணு. ஐயமுற்றால் அவர்கள் வாயாலேயே கேளுங்கள். இராகுவும் கேதுவும் எப்போதும் ஒன்றற்கொன்று ஏழாம் வீட்டில், நேரெதிரே நிற்பார்கள் என்பார்கள். ஏன்? ஒரே கோட்டின் இரு முனைகள் ஆதலின். மற்றக் கோள்களைப் போலன்றி அவ் விரண்டும் பின்னோக்கியே நகரும் என்பார்கள். ஏன்? திங்களின் வழி மெல்லப் பின்னோக்கிச் சுழல்வதால் கணுக்களும் 18.6 ஆண்டுக்கு ஒரு சுற்று பின்னோக்கி வருகின்றன. 18.6ஐப் பன்னிரண்டு வீடுகளுக்குப் பகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வரும். திருநாகேசுவரத்திலும் கீழ்ப்பெரும்பள்ளத்திலும் கூட்டம் அலைமோதும் 'இராகு கேது பெயர்ச்சி' அதுதான். கணக்குப் போடும்போது புள்ளி. காணிக்கை கேட்கும்போது பாம்பு. இதைவிடப் பெரிய ஏமாற்று உண்டோ?

வடமொழி நூல்களிலும் உண்மை எழுதப்படாமல் இல்லை. நிழலே மறைப்புக்குக் கரணியம் என்று ஆரியபட்டர் 499ஆம் ஆண்டளவில் எழுதினார். வராகமிகிரரும் பாம்புக் கதையை மறுத்தார். ஆனால் ஏழாம் நூற்றாண்டில் பிரமகுப்தர், நிழலின் அளவைத் தாமே கணக்கிட்டுக்கொண்டு, இராகுவை மறுத்தாரையும் கண்டித்தார். இந்த இரட்டை நாக்கைப் பதினொன்றாம் நூற்றாண்டில் அல்பிரூனி எடுத்துக் காட்டி இடித்துரைத்தார். உண்மை மொழியால் பூட்டப்பட்டு ஒருசிலரிடம் தங்கியது. பொய் தெருவெல்லாம் திரிந்தது. வடமொழியில் இருந்ததன்று நம் வழக்கு. மக்களிடம் வராமல் இருந்தது என்பதே நம் வழக்கு.

நம் பக்கத்தையும் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 1825இல் வாரன் என்னும் வெள்ளையர், புதுச்சேரியில் ஐந்திறம் கணிக்கும் தமிழர் ஒருவரைக் கண்டார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாய் வைத்திருந்த சொற்கோவைகளைக் கொண்டே, அவ்வாண்டு மே 31 இரவின் திங்கள் மறைப்பைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை நான்கே நிமையம்! நெஞ்சு நிமிர்த்தத்தக்க செய்திதான். ஆயினும் முழுவதும் கேளுங்கள்: நடு நேரத்தில் பிழை 23 நிமையம், முடிவில் 52 நிமையம். அக் கணக்கு ஏன் அவ்வாறு அமைகின்றது என்பதும் அவருக்குத் தெரியாது. கற்றபடி சோழியை நகர்த்தினார், விடை வந்தது. கரணியம் அறியாத கணக்கைத் திருத்த ஆள் இராது. திருத்தப்படாத கணக்கு ஆண்டுக்காண்டு பிசகிக்கொண்டே போகும். 'எல்லாம் எம்முன்னோர் அறிந்தனரே' என்று மேடையில் முழங்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் நம் தோழர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வினாவும் நம்மை நோக்கி வரும். "உங்கள் வள்ளுவரே 1146ஆம் குறளில் திங்களைப் பாம்பு கொண்ட செய்தியைச் சொல்கிறாரே?" என்பர். ஆம், சொல்கிறார். பாம்புக் கதை அந்நாளைத் தமிழ்மக்களிடையும் உலவியது. அதனை மறைக்க நமக்குத் தேவையில்லை. ஆனால் அக் குறள் வானநூல் கூறுவதன்று. காமத்துப்பாலில் அலரைப் பற்றியது. காதலனைக் கண்டது ஒருநாள்தான், ஊர்ப்பேச்சோ அச் செய்தி போல எங்கும் பரவிற்று என்று தலைவி சொல்கிறாள். ஊரார் வாய்க்கு உவமையாக வந்த பாம்பைச் சூலுற்ற பெண்ணின் வாயிற்படியில் காவல் வைத்தது வள்ளுவர் அல்லர். எப்பொருளையும் மெய்ப்பொருள் காணும்படி நமக்குச் சொன்னவரும் அவரே. அவ் வழியில் நடந்து பாம்பை விடுவதே வள்ளுவர்க்குச் செய்யும் சிறப்பு.

நம் ஊர்களில் நம்மோடு தோலும் தொழிலுமாய் வாழும் இசுலாமியரைப் பாருங்கள். நபிகளின் மகன் இறந்த நாளில் ஞாயிறு மறைந்தபோது, அச் சாவினால்தான் மறைந்தது என்று மக்கள் பேசினர். எவருடைய சாவுக்காகவும் பிறப்புக்காகவும் ஞாயிறும் திங்களும் மறைவதில்லை என்று அவரே அப் பேச்சை மறுத்தார் என்பது அவர்கள் மரபு. தொழுகை நடத்துவர், ஆனால் யாருக்கோ தீங்கு வரும் குறியென்று அதைக் கொள்வதில்லை.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலை ஏறினால் காவலூர். அங்கே 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வானை நோக்கித் திறந்தன. உலக வானநூலார் அறிந்த மலை அது. அம் மலையின் அடிவாரத்து ஊர்களிலேயே மறைப்பு நாளில் கதவடைப்பதா? இதைவிட நமக்கு வேறு நாணம் வேண்டுமோ?

பிழை பள்ளியிலும் உண்டு. ஞாயிறு, நிலவுலகு, திங்கள் மூன்றையும் ஒரே நேர்கோட்டில் வரைந்து "இதுவே கிரகணம்" என்று நிறுத்திவிடுகின்றோம். தாள் தட்டை, வானம் தட்டையன்று. அப் படத்தைக் கண்ட கூர்த்த மாணவன், "அப்படியானால் மாதந்தோறும் வரவேண்டுமே ஐயா?" என்று கேட்கத்தான் செய்வான். ஒரு கோட்டைச் சாய்த்து வரைந்தால் அவனுக்கு விடை கிடைத்துவிடும். விடை கிடையாதவன் வீட்டுக்குப் போனால் அங்கே பாட்டியின் பாம்பு காத்திருக்கின்றது.

ஆகலின் தமிழாசிரியர்களே, தமிழன்பர்களே! ஞாயிற்று மறைப்பு, திங்கள் மறைப்பு, காருவா, வெள்ளுவா, கணு எனும் சொற்களை நாவிலும் எழுத்திலும் வழங்குங்கள். சொல்லை மட்டும் மாற்றிவிட்டுக் கதையை விட்டுவைத்தால் அது தனித்தமிழாகாது. தோல் வட்டங்களைத் தெருப்பிள்ளைகளின் கையில் கொடுங்கள். ஞாயிற்று மறைப்பை வெறுங்கண்ணால் நோக்கினால் கண் கெடும்; அதற்குரிய கண்ணாடியோடு மட்டுமே பார்க்கச் சொல்லுங்கள். திங்கள் மறைப்புக்கு எக் காப்பும் வேண்டா. முற்றத்தில் நின்று பார்க்கலாம்.

மறைப்பு நாளில் உங்கள் வீட்டில், உங்கள் அண்டை வீட்டில் சூலுற்ற பெண் இருந்தால் கதவைத் திறந்து விடுங்கள். வேளைக்குச் சோறும் நீரும் கொடுங்கள். அவள் விரும்பினால் முற்றத்துக்கு அழைத்து வந்து சிவந்த நிலவைக் காட்டுங்கள். அவள் வயிற்றில் வளரும் பிள்ளையாவது பாம்புக்கு அஞ்சாத தமிழனாய், தமிழச்சியாய்ப் பிறக்கட்டும்.