பாயிண்ட் டூ டூ வாங்கலாமா, சார்?

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன். பேட்டையில் குடியிருக்கும் நண்பர். ரயில்வேயில் இருக்கிறார், ஊர் விருதுநகர் பக்கம். "சார், உங்க பொண்ணு ஷூட்டிங் போகுதுல்ல, நல்ல பாயிண்ட் டூ டூ ரைஃபிள் ஒண்ணு சல்லிசா எங்க கிடைக்கும்?" என்றார். பையன் ஒன்பதாவது படிக்கிறான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் த்ரீ பொசிஷனில் வெண்கலம் வாங்கியதிலிருந்து வீட்டில் இதே பேச்சாம். "எங்க ரயில்வே ஆளு சார்!" என்று இவருக்கும் கொஞ்சம் பெருமை.

அரை மணி நேரம் பேசியும் "அப்ப வேண்டாங்கறீங்களா?" என்றுதான் முடித்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது வாங்காதீர்கள் என்றேன். போனில் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இரண்டு வருடம் முன்னால் என் மகள் கேட்டபோது நானும் இதே அலை அலைந்தவன்தான்.

முதலில், தெரியாதவர்களுக்காக. பாயிண்ட் டூ டூ என்பது 5.6 மில்லிமீட்டர் குழல். இதன் தோட்டாவை ரிம்ஃபயர் என்பார்கள். அடிப்பக்கத்து விளிம்புக்குள்ளேயே மருந்து இருக்கும், ஊசி அந்த விளிம்பில் தட்டினால் வெடிக்கும். 1887ல் வந்த சரக்கு, இன்றைக்கும் ஒலிம்பிக்ஸில் அதேதான். தோளில் உதைக்காது, சத்தமும் குறைவு. போல்ட் ஆக்‌ஷன் என்றால் ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளிப் பூட்ட வேண்டும். படபடவென்று சுட முடியாது. படிக்கிற பிள்ளைக்கு அதுதான் நல்லது. 50 மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில் பத்து மார்க் வட்டம் 10.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு சட்டைப் பட்டன்.

இப்போது நண்பரின் மச்சினன் கதை. அவர் டெக்ஸாஸில் இருக்கிறார். "சி.இசட் வாங்குங்க, இல்லேன்னா சாவேஜ், ரூகர். சில நூறு டாலர்தான்" என்று லிஸ்ட் அனுப்பியிருக்கிறார். நல்ல ரைஃபிள்கள்தான், தப்பில்லை. ஆனால் அது அந்த ஊர்க் கடைக்கான யோசனை. இங்கே வெளிநாட்டு ரைஃபிளை இறக்குமதி செய்ய தேசிய ரைஃபிள் சங்கத்தின் வழியாக, போட்டியில் பேர் வாங்கிய வீரர்களுக்குத்தான் வழி. பெட்டியில் வைத்துக் கொண்டு வரலாமா என்று வேறு கேட்டார்! சாமி, லைசென்ஸ் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா பைக்குள் கிடந்ததற்கே விமான நிலையத்தில் வழக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் இங்கே என்னதான் உண்டு? மூன்று வழி. ஒன்று, இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியின் பாயிண்ட் டூ டூ ஸ்போர்ட்டிங் ரைஃபிள். (2021 அக்டோபரிலிருந்து அந்த ஃபேக்டரி ஏ.டபிள்யூ.இ.ஐ.எல் என்ற அரசு கம்பெனியின் கீழ். நம்ம திருச்சி ஃபேக்டரியும் அதில்தான்.) தகர டப்பா சுட்டுப் பழக நன்றாகவே இருக்கும். ஆனால் மேட்ச் ரைஃபிள் இல்லை. அளவு மாற்றும் கட்டை கிடையாது, வளர்கிற பையனின் தோளுக்கு அது எப்படிப் பொருந்தும்?

இரண்டாவது, பழையது. பெரியவர்கள் வீட்டு அலமாரியில் தூங்கும் பிர்னோ அல்லது விளையாட்டை விட்டவர்களின் அன்ஷூட்ஸ். இதில் சல்லிசாக மாட்டும், ஏமாறவும் மாட்டும். வெளிப் பளபளப்பைப் பார்க்காதீர்கள். போல்ட்டை எடுத்துவிட்டு குழலுக்குள் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். திருவனந்தபுரம் மழைக்கும் கடல் காற்றுக்கும் உள்ளே துரு ஏறியிருக்கும். தோட்டா உட்காரும் வாயின் விளிம்பில் பள்ளம் இருக்கிறதா பாருங்கள். தோட்டா இல்லாமல் சும்மா சும்மா தட்டிப் பார்த்த துப்பாக்கியில், ஊசி நேராக விளிம்பில் இடித்து அந்தப் பள்ளம் விழும். ரிம்ஃபயருக்கே உள்ள வியாதி இது.

மூன்றாவது, கிளப் துப்பாக்கி. நான் சொல்வது இதைத்தான்.

காரணம் கணக்கு. (வேறென்ன, பழக்கதோஷம்.) வாரம் மூன்று நாள், நாளுக்கு அறுபது ஷாட், அதற்கு முன் குறி பார்க்க இருபது. வாரத்துக்கு 240, வருடத்துக்கு 12,000. தோட்டா ஒன்று 30 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 3,60,000 ரூபாய். அதே 12,000 ஷாட்டை ஏர் ரைஃபிளில், பெல்லட் 3 ரூபாய் என்று வைத்தால், 36,000. துப்பாக்கியில் பத்தாயிரம் மிச்சம் பிடிக்கப் பேரம் பேசுகிறோம், வருடா வருடம் போகிற லட்சங்களை யாரும் பேசுவதில்லை. லோன் கேட்டு வருகிறவர்களிடம் நான் தினமும் பார்ப்பது இதேதான். காரின் விலை தெரியும், பெட்ரோல் செலவு தெரியாது.

அதோடு, சாதாரண லைசென்ஸில் வருடத்துக்கு எழுதித் தரும் தோட்டா சில நூறுதான். இரண்டே வாரத்தில் தீர்ந்துவிடும். சங்கத்தில் சேர்ந்து, போட்டியில் சுட்டு, மார்க் காட்டினால்தான் அந்த அளவு ஏறும். ஆக முதலில் துப்பாக்கி, பிறகு விளையாட்டு என்று இங்கே போகவே முடியாது. சட்டமே தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு விதத்தில் நல்லதுதான் என்பேன்.

லைசென்ஸ் சமாசாரம் வேறு. 21 வயது ஆகாத பிள்ளைக்கு விளையாட்டு விலக்கின் கீழ்தான் எதுவும். அப்பா பேரில் எடுக்கலாம் என்கிறார் நண்பர். பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை, அப்புறம் ஐந்து வருட லைசென்ஸ் (2019 திருத்தத்துக்கு முன் மூன்று வருடம்). எல்லாம் முடித்துக் கையில் வாங்கும்போது அவருக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வரும்! புது ஊரில் மறுபடி பதிய வேண்டும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஊர் ஊராகப் போகிற நம்மைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, எழுதலாமா என்று யோசித்தேன். மகள் கேட்டபோது என் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள். "பீரோ சாவி யார்ட்ட இருக்கும்?" என்னிடம் என்றேன். "உங்க வண்டிச் சாவியே வாரத்துக்கு ரெண்டு தடவ தேடறீங்க." அதற்கு மேல் நான் பேசவில்லை. பத்தாவது, ப்ளஸ் டூ மார்க் வருகிற வீடு. அந்த வயதில் பிள்ளைகளின் மனது எந்த நாளில் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. ரேஞ்சின் ஆயுத அறையில் பூட்டி வைக்க வசதி இருந்தால் அங்கேயே இருக்கட்டும்.

அதற்கு இந்த ஊரில் குறையில்லை. 2015 தேசிய விளையாட்டுக்காக வட்டியூர்க்காவில் ரேஞ்ச் கட்டினார்கள். 2017லும் 2018லும் தேசிய சாம்பியன்ஷிப்பே அங்கே நடந்தது. பிள்ளைகள் பெரும்பாலும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான் தொடங்குகிறார்கள். இளவேனில் வாலறிவன் பேர் வாங்கியதும் அதில்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த பெண். 2022 தேசிய விளையாட்டில் குஜராத்துக்காகச் சுட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் துப்பாக்கிக்கு முன்னால் பேச வேண்டியது இது: பிள்ளை எந்த மாநிலத்துக்குச் சுடப் போகிறது? கேரளமா, தமிழ்நாடா? எந்த ஊர் கிளப்பில் பதிவது என்பது அதைப் பொறுத்தது. அரைகுறையாக இரண்டு இடத்தில் கால் வைத்து ஒரு சீசனை வீணாக்கிய குடும்பத்தை எனக்குத் தெரியும்.

ஒன்றிரண்டு வருடம் ஏர் ரைஃபிள், பிறகு கிளப்பின் பாயிண்ட் டூ டூ. அதற்கப்புறமும் பையன் காலை ஐந்தரைக்கு எழுந்து கிளம்பினால், நல்ல நிலையில் உள்ள பழைய அன்ஷூட்ஸ் பார்க்கலாம், நானே கூட வருகிறேன். அதுவரை காசு கையில் இருந்தால் அளவெடுத்துத் தைத்த ஒரு ஷூட்டிங் ஜாக்கெட் வாங்கட்டும். மார்க் உடனே ஏறும்.

நண்பருக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் பையனோடு வட்டியூர்க்காவு வருகிறார். தட்டையான அடி உள்ள பழைய கேன்வாஸ் ஷூ இருந்தால் போட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.