‘அலைன்மென்ட் ஓகே’: எதற்கு ஓகே?

பந்தயத்தடத்தில் ஓட்டுவதற்காக ஒருவர் தம் ஸ்போர்ட்ஸ் காரைச் சக்கர அலைன்மென்ட் பார்க்கக் கொண்டுசெல்கிறார். கணினித் திரையில் எண்கள் எல்லாம் பச்சை நிறத்தில் ஒளிர்கின்றன. ‘எல்லாம் கிரீன்’ என்று ஒரு தாளை அச்சிட்டுக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவரும் மனநிறைவோடு தடத்துக்குப் போகிறார். இந்தச் சடங்கில் பங்குபெறும் எவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: எதற்கு ஓகே? அந்தக் கேள்வியைத் தவிர்ப்பதால் டயர் வீணாகிறது. சில வேளைகளில் உயிரும் பணயம் வைக்கப்படுகிறது.

மொழியியல் படித்த எனக்கு முதலில் உறுத்துவது சொல். நொய்டா, புனே, கோவை எனப் பட்டறைகளின் மொழி மாறுகிறது. ஆனால் ‘அலைன்மென்ட்’ என்ற எழுவாய்க்கு வாய்க்கும் பயனிலைகள் எங்கும் இரண்டுதான்: ‘ஓகே’, ‘அவுட்’. கேம்பர், காஸ்டர், டோ என மூன்று வெவ்வேறு கோணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகக் கூட்டவும் குறைக்கவும் கூடியது. இவற்றைத் தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடைத்துவிட்டோம். சொல்லில் தொலைந்த நுட்பம் கையிலும் தொலைகிறது.

பச்சை நிறம் பொய் சொல்லவில்லை. அது வேறொரு கேள்விக்கான விடை. டயர் நீண்ட நாள் உழைக்க வேண்டும், கார் நேராக ஓட வேண்டும், மழையிலும் புதிய ஓட்டுநர் கையிலும் பின்பக்கம் சுழன்றுவிடாமல் அடங்கி நிற்க வேண்டும் என்ற நோக்கங்களுக்காகத் தயாரிப்பாளர் வகுத்த வரம்பு அது. சாலைக்கு அது நியாயமான விடை. பந்தயத்தடம் கேட்கும் கேள்வியோ வேறு.

காரை முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் சக்கரத்தின் சாய்வே கேம்பர். மேல்முனை உள்நோக்கிச் சாய்ந்தால் நெகட்டிவ். வளைவில் வேகமாகத் திரும்பும் காரின் உடல் வெளிப்பக்கம் சரிகிறது. வெளிப்பக்கச் சக்கரமும் அதோடு சேர்ந்து வெளியே சாய்கிறது. அப்போது டயரின் முழு அகலமும் தரையில் பதிவதில்லை; சுமையின் பெரும்பகுதியை வெளிவிளிம்பே தாங்குகிறது. பல சாதாரணக் கார்களிலும் சில ஸ்போர்ட்ஸ் கார்களிலும் முன்பக்கம் உள்ள மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு, சஸ்பென்ஷன் அமுங்கும்போது இந்தச் சாய்வைப் போதிய அளவு ஈடுசெய்வதில்லை. ஆகவே நிற்கும்போதே சக்கரத்தை உள்நோக்கிச் சாய்த்து வைக்கிறார்கள். சாலைக் கார்களில் பெரும்பாலும் 1 டிகிரியைத் தாண்டாத இந்தச் சாய்வு, தடத்துக்கான கார்களில் 2 முதல் 3.5 டிகிரி வரை போவது வழக்கம். சாலை அளவிலேயே தடத்தில் ஓட்டினால் டயரின் வெளிவிளிம்பு ஒரே நாளில் தேய்ந்துபோவதைக் காணலாம்.

கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசப் பந்தயத்தடத்தை எடுத்துக்கொள்வோம். 2011 முதல் 2013 வரை ஃபார்முலா 1 பந்தயங்கள் நடந்த இடம். நீளம் 5.125 கி.மீ.; 16 திருப்பங்கள். அதன் 10, 11ஆம் திருப்பங்கள் ஒன்றோடொன்று இணைந்து நீளும் ஒரே வலப்பக்க வளைவு. அங்கே இடது முன்டயர் நெடுநேரம் சுமை தாங்குகிறது. அது கூடுதல் நெகட்டிவ் கேம்பரைக் கேட்கிறது. அதே தடத்தில் சுமார் 1 கி.மீ. நீளும் பின்நேர்ப்பாதையின் முடிவில், 4ஆம் திருப்பத்துக்காகக் கடுமையாக பிரேக் பிடிக்க வேண்டும். நேராக ஓடும்போது, அளவு மீறிச் சாய்ந்த டயரின் உள்விளிம்பே தரையை அழுத்தமாகப் பற்றுகிறது. பிரேக் பிடிமானம் குறைகிறது. ஆக ஒரே சுற்றுக்குள் இரண்டு திருப்பங்கள் எதிரெதிர் கோரிக்கைகளை வைக்கின்றன. இதில் ‘சரியான எண்’ எங்கே இருக்கிறது? இருப்பது ஒரு பேரம் மட்டுமே. காரின் எடை, ஸ்பிரிங்கின் விறைப்பு, டயரின் வகை, ஓட்டுநரின் பழக்கம் ஆகிய எல்லாவற்றுக்கும் அந்தப் பேரத்தில் பங்குண்டு.

பச்சை வழிபாட்டை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் மறுதரப்பும் எனக்கு உடன்பாடில்லை. யாரோ ஒருவர் தம் காரில் மைனஸ் 3 வைத்தார் என்பதற்காகத் தாமும் மைனஸ் 3 வைப்பவர்கள், பழைய வேதத்தை விட்டுப் புதிய வேதத்துக்கு மாறியவர்கள், அவ்வளவே. ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தி, ‘இப்போது இது டிராக் கார்’ என்பவர்கள் இன்னும் ஒரு படி மேல். மெக்பெர்சன் அமைப்பில் அளவு மீறித் தாழ்த்தினால் கீழ்க்கைகளின் சாய்வு மாறிவிடுகிறது. சஸ்பென்ஷன் மேலும் அமுங்கும்போது கூடவேண்டிய கேம்பர் குறையத் தொடங்குகிறது. மேடு பள்ளங்களில் ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பவும் செய்கிறது. தோற்றத்தில் பந்தயக் கார். நடத்தையில் பழைய காரைவிட மோசம்.

பட்டறைகளின் குற்றமும் சிறியதன்று. நம் நாட்டில் ஓடும் பல கார்களில் முன்பக்கக் கேம்பரை மாற்றத் தயாரிப்பாளர் எந்த வசதியும் தருவதில்லை. டோ ஒன்றையே திருத்த முடியும். அத்தகைய கார்களுக்கு ‘கேம்பர் அவுட்’ என்று சொல்லி, ஹைட்ராலிக் கருவியால் பாகத்தையே வளைத்து எண்ணைப் பச்சைக்குக் கொண்டுவரும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. அளவு ஏன் மாறியது, எந்த புஷ் தேய்ந்தது, எந்தக் கை வளைந்தது என்று எவரும் தேடுவதில்லை. நோயாளியை விட்டுவிட்டு வெப்பமானியைச் சூடேற்றும் மருத்துவம் இது. இப்படி வளைக்கப்பட்ட பாகத்தை நம்பித் தடத்தில் பாய்வது அறிவீனம். கேம்பர் பிளேட், கேம்பர் போல்ட் என முறையான வழிகள் இருக்கின்றன. போர்ஷே 911 ஜிடி3 போன்ற காரில், ஷிம் தகடுகளைச் செருகிக் கேம்பரை மாற்றும் வசதியைத் தயாரிப்பாளரே வைத்திருக்கிறார். எண்ணை வகுத்தவரே ஒரே எண்ணை நம்பவில்லை. நாம் மட்டும் ஏன் நம்புகிறோம்?

உயிர் பணயம் என்று மேலே சொன்னேன். தடத்தில் ஓடிய கார் பெரும்பாலும் அதே டயர்களில்தான் வீடு திரும்புகிறது. நொய்டாவில் அது யமுனா விரைவுச்சாலையாக இருக்கலாம். நெடுந்தொலைவு, கான்கிரீட் தளம், இடைவிடாத வேகம். தடத்துக்காக வைத்த நெகட்டிவ் கேம்பரோடு டோ-அவுட்டும் சேர்ந்தால் டயரின் உள்விளிம்பு விரைவாகத் தேய்கிறது. எளிய உண்மை ஒன்று இங்கே மறக்கப்படுகிறது: டயரை அரிப்பதில் கேம்பரைவிட டோவே கொடியது. கேம்பர் சாய்த்து உருட்டுகிறது. டோ பக்கவாட்டில் இழுத்துத் தேய்க்கிறது. உள்விளிம்பில் கம்பி தெரியும் வரை தேய்ந்தாலும் வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் புதிய டயர்போலவே தோன்றும். பின்சக்கரங்களில் டோ-அவுட் இருந்தால் ஈரச்சாலையில் ஒரு திடீர்த் திருப்பமே கார் சுழலப் போதும். முன்பக்கக் கேம்பரை மாற்றினால் டோவும் தானாக மாறிவிடும். கேம்பரைத் திருத்திவிட்டு டோவை மறுபடி அளக்காமல் அனுப்பும் பட்டறை, வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பணத்தை முழுதாக வாங்குகிறது.

ஆகவே கார் உரிமையாளர் கேட்க வேண்டியவை இவை. டயர் அழுத்தத்தைச் சரிசெய்த பின்னரே அளவு எடுக்க வேண்டும். தடத்தில் ஓட்டுநர் தனியே அமர்ந்து ஓட்டுவார் என்றால், அவர் எடைக்கு ஈடான மூட்டைகளை வலப்பக்க இருக்கையில் வைத்து அளக்க வேண்டும். முதலில் பின்சக்கரம், பிறகு முன்சக்கரம். ஒவ்வொன்றிலும் கேம்பரும் காஸ்டரும் முதலில், டோ கடைசியில். சாலைக்கான நிலையையும் தடத்துக்கான நிலையையும் பெயிண்டால் குறித்துவைத்து, வீடு திரும்பும் முன் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தடத்தில் சில சுற்றுகள் ஓடி நேராக பிட்டுக்குள் வந்தவுடன், டயரின் உள், நடு, வெளி ஆகிய மூன்று இடங்களில் ஊசிமுனை வெப்பமானியால் வெப்பத்தை அளக்க வேண்டும். உள்விளிம்பு சில டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. வெளிவிளிம்பு மிகச் சூடாக இருந்தால் கேம்பர் போதவில்லை. கருவி இல்லையா? டயரின் வெளித்தோளில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தால் போதும். கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்பதே டயர் எவ்வளவு மடிந்தது என்று காட்டும். திரை காட்டாத விடையைத் தரை காட்டுகிறது.

‘இது பணக்காரர் விளையாட்டு, இதைத் தமிழில் எழுதி யாருக்கு என்ன பயன்?’ என்று சிலர் கேட்பார்கள். கார் பணக்காரருடையது, ஸ்பேனர் பிடிக்கும் கை அவருடையதன்று. அந்தக் கைக்கு எண்ணை மட்டும் கொடுத்துக் காரணத்தை மறைத்துவைத்திருக்கிறோம். திரையின் மொழி ஆங்கிலம், கையேட்டின் மொழி ஆங்கிலம், கற்றுக்கொடுப்பவர் மொழி ‘கிரீன் வந்தா போதும்’. கேம்பரை ‘சாய்கோணம்’ என்று மாற்றிவிட்டால் அறிவு வந்துவிடும் என்று நம்பும் கலைச்சொல் அன்பர்களுக்கும் இதையே சொல்கிறேன். மெக்கானிக் வாயில் கேம்பர் என்றோ தமிழாகிவிட்டது. வராமலிருப்பது அதைப் பற்றிய வாக்கியங்கள்: ‘இந்த வளைவில் இவ்வளவு சுமை, ஆகவே இவ்வளவு சாய்வு’ என்ற காரண வாக்கியங்கள்.

அடுத்த முறை அந்தத் தாள் உங்கள் கைக்கு வரும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் படியுங்கள். ‘எந்தத் தடத்துக்கு, எந்த டயருக்கு, யார் எடைக்கு?’ என்று கேளுங்கள். பட்டறையில் விடை இல்லையென்றால் அங்கே வேலையைக் கொடுக்காதீர்கள். விடை சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.