கரடியை எடை போட்டவர்

வட துருவத்துப் பனிக்கரடியைக் கடல் பிராணி என்று யாராவது சொன்னால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். நாலு காலால் நடக்கும் மிருகம் அன்றோ அது? ஆயினும் பிராணி சாஸ்திரம் கற்றவர்கள் திமிங்கிலத்தோடும் கடல்நாயோடும் அதனையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கிறார்கள். காரணம், அதன் ஆகாரம் கடலில் இருக்கிறது. உறைந்த கடலின்மேல் காத்திருந்து, மூச்சு விட மேலே வரும் கடல்நாயைப் பிடித்துத் தின்பதே அதன் ஜீவனம். பனி கரைந்துவிட்டால் கரையேறிப் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

இப்பிராணியை அறிவதிலேயே தம் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர், 2024-ஆம் ஆண்டில் காலஞ்சென்ற கனடா தேசத்து விஞ்ஞானி இயன் ஸ்டெர்லிங். இளமையில் தென் துருவத்துக் கடல்நாய்களை ஆராய்ந்து பட்டம் பெற்ற அவர், 1970-இல் கனடா அரசாங்கத்தின் வனவிலங்கு இலாகாவில் சேர்ந்தார். ஹட்சன் குடாவின் மேற்குக் கரையிலே அவரும் அவருடைய சகாக்களும் ஹெலிகாப்டரில் பறந்து கரடியைத் தேடுவார்கள். மருந்து ஊசியை எய்து அதை உறங்கச் செய்வார்கள். உடலை அளந்து, எடை கண்டு, பல்லைக் கொண்டு வயதைக் கணித்து, அடையாளம் இட்டு விட்டுவிடுவார்கள். மறு வருஷமும் அதே வேலை. அதற்கடுத்த வருஷமும் அதே வேலை.

இதில் என்ன பெரிய வித்தை என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு வருஷத்துக் கணக்கில் வித்தை ஒன்றும் இல்லைதான். ஆனால் இருபத்தைந்து வருஷத்துக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது விஷயம் வெளிப்பட்டது. 1980-இல் குட்டியின்றித் தனித்திருந்த பெண் கரடிகளின் சராசரி எடை சுமார் 290 கிலோ. 2004-இல் அது சுமார் 230 கிலோ. கர்ப்பிணிக் கரடி எட்டு மாதம் வரை உண்ணாதிருந்து, குட்டி ஈன்று பாலும் கொடுக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் 189 கிலோவுக்குக் குறைந்திருந்த தாய் எதுவும் பின்னர் குட்டி ஈன்றதாக அவர்கள் கணக்கில் இல்லை.

மெலிவுக்குக் காரணம் என்ன? முப்பது வருஷத்துக்குள் ஹட்சன் குடாவின் பனி உடையும் நாள் சுமார் மூன்று வாரம் முந்திவிட்டது. கொழுத்த கடல்நாய்க் குட்டிகள் ஏராளமாகக் கிடைக்கும் வாரங்கள் அவையே. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து உலகத்தார் ஆகாயத்தில் ஏற்றும் கரியமில வாயுவினால் பூமியின் சூடு ஏறுகிறது. அதன் பலனை அடுப்பே மூட்டாத கரடி அநுபவிக்கிறது! இப்படி நேரக்கூடும் என்று ஸ்டெர்லிங்கும் அவர் சகா ஆண்ட்ரூ டெரோஷேயும் 1993-லேயே எழுதினார்கள். 1987-இல் அப்பகுதியில் சுமார் 1,200 கரடிகள் இருந்ததாக மதிப்பு. 2021-இல் ஆகாயத்திலிருந்து எண்ணிக் கணித்தபோது 618. கணித்த முறைகள் வேறாயினும் குறைவு மெய்யே.

அரசாங்கங்கள் சிக்கனத்தில் இறங்கும்போது, வருஷந்தோறும் அளந்து எழுதும் இத்தகைய வேலையே வீண் செலவாகத் தோன்றுகிறது. ஆனால் 1980-இல் எடுக்காத எடையை இன்று எவ்வளவு பணம் கொடுத்தாலும் எடுக்க முடியுமா? ஒரு வருஷம் விட்டுப்போனால் அது விட்டுப்போனதுதான். ஆகவே, ஆரவாரமின்றிக் கணக்கு எழுதுகிறவர்களைக் கைவிடாதிருப்பதும், அவர்கள் எழுதியதை நேரத்தோடு படிப்பதும் நம் கடமை என்று நாம் கருதுகிறோம்.